பார்த்தால் போதும், பரிமாற வேண்டாம்!

"கானல்" என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் கடற்கரைச் சோலை என்று ஒரு பொருள் உண்டு. சிலப்பதிகாரத்தில் "கானல்வரி" என்று ஒரு பகுதியே இருக்கிறது. அது நடக்கும் இடம் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரை.

பழனி மலையிலும் ஒரு கானல் இருக்கிறது. அதுதான் வட்டக்கானல். கொடைக்கானலை அடுத்த சிற்றூர். கடலுக்கும் அதற்கும் நூறு கிலோ மீட்டருக்கு மேல் தூரம்.

ஆனால் அதிகாலையில் அந்த ஊரின் பாறை விளிம்பில் நின்று பார்த்தால், கடற்கரையில் நிற்பது போலவே இருக்கும். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மேகம் பரவிக் கிடக்கும். அது அலை அலையாக வந்து பாறையில் மோதும். பாறைக்குப் பெயர் கூட ஒரு கடல் பிராணியின் பெயர்தான். "டால்பின் நோஸ்" என்று அதை அழைக்கிறார்கள்.

கன்னியாகுமரிப் பாறைகளைச் சுற்றிக் கடற்பறவைகள் இரை தேடும். வட்டக்கானல் பாறைகளைச் சுற்றி மலைப் பறவைகள் இரை தேடுகின்றன. காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய அருமையான காட்சி அது.

அந்தக் காட்சியைப் பார்க்க வருகிறவர்களே அதைக் கெடுத்துவிடக் கூடாது. அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு போதும். பறவை சாப்பிடுவதைப் பார்க்கலாம். பறவைக்குச் சாப்பாடு போடக் கூடாது.

காற்றில் ஒரு பந்தி

செங்குத்தான பாறையில் காற்று வந்து மோதினால் எங்கே போகும்? மேலே எழும்பும். எழும்பும் காற்று, பள்ளத்தாக்கில் உள்ள சின்னஞ்சிறு பூச்சிகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும்.

இது உழவாரன் பறவைக்குத் தெரியும். அரிவாள் போல் வளைந்த இறக்கை கொண்ட பறவை அது. பாறை விளிம்பை ஒட்டி "விர்" என்று பாயும். வாயைத் திறந்தபடியே பறந்து பூச்சிகளைப் பிடிக்கும். குஞ்சு இருக்கும் காலத்தில், பிடித்த பூச்சிகளைத் தொண்டையில் உருண்டையாகச் சேர்த்து எடுத்துப் போகும்.

மலை உழவாரன் என்பது அதில் பெரிய வகை. ஐரோப்பாவிலும் அந்த வகை உண்டு. சுவிட்சர்லாந்தில் கூடு கட்டும் மலை உழவாரன்களின் மேல் மிகச் சிறிய கருவிகளைப் பொருத்தி விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். முடிவு 2013-ம் ஆண்டு வெளிவந்தது. அந்தப் பறவைகள் ஆறு மாதத்துக்கும் மேலாகத் தரையிலோ மரத்திலோ இறங்காமல் ஆகாயத்திலேயே இருந்தன! சாப்பாடும் ஆகாயத்தில், ஓய்வும் ஆகாயத்தில்.

உழவாரனுக்கு யார் பரிமாற முடியும்? காற்றுதான் பரிமாறுகிறது.

இதே விளிம்பில் கருங்கழுகையும் காணலாம். அது அவசரப்படாத பறவை. இறக்கையை அசைக்காமல், மரங்களின் தலையைத் தொட்டு விடுவது போல் மெதுவாக மிதந்து வரும். கிளைகளுக்கு நடுவே கூடு இருக்கிறதா என்று பார்க்கும். முட்டையும் குஞ்சும் அதற்கு உணவு. சில சமயம் கூட்டையே காலில் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பார்க்கும் மனதுக்கு இது வருத்தமாக இருக்கலாம். ஆனால் கருங்கழுகுக்கும் பசி உண்டு. கூடு கட்டும் பறவைகள் ஏராளமாக இருந்தால்தான் அது வாழும். கருங்கழுகு பறக்கிறது என்றால், கீழே உள்ள காடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கடற்கரையின் உறவினர்

விளிம்பை விட்டு உள்ளே திரும்பினால் சோலைக்காடு. மரங்கள் அதிக உயரம் இல்லை. ஆனால் நெருக்கமாக நிற்கும். தண்டு எல்லாம் பாசி. தரை எல்லாம் மக்கிய இலை. பகலிலும் அந்தி நேரம் போல் இருட்டாக இருக்கும்.

குளிர்காலத்தில் இங்கே ஒரு விருந்தாளி வருகிறது. அது காட்டு உள்ளான். நீண்ட அலகு. காய்ந்த இலையின் நிறம். ஈர மண்ணுக்குள் அலகைக் குத்திப் புழுவை எடுத்துத் தின்னும். கோடியக்கரைச் சேற்றில் ஆயிரக்கணக்கில் இரை தேடும் உள்ளான்களுக்கு இது நெருங்கிய சொந்தம். ஒரே குடும்பத்தில் சிலர் கடற்கரைக்குப் போனார்கள். ஒருவர் மலைக்கு வந்துவிட்டார் என்று சொல்லலாம்!

இன்னொரு விருந்தாளி சாம்பல் வாலாட்டி. மழைக்காலம் முடிவதற்கு முன்பே வடக்கே இருந்து வந்து சேர்ந்துவிடும். ஓடைப் பாறைகளின் மேல் நின்று, வாலை ஆட்டி ஆட்டிப் பூச்சி பிடிக்கும்.

விருந்தாளி இருந்தால் வீட்டுக்காரர் இருக்க வேண்டும் அல்லவா? வீட்டுக்காரர்கள்தான் இந்த மலையின் பெருமை.

ஒன்று பழனிச் சிரிப்பான். சாம்பல் தலை. கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. புதருக்குள் கூட்டமாக இருந்து உரக்கக் கத்தும். அது யாரோ சிரிப்பது போல் கேட்கும். 1869-ம் ஆண்டு பிளான்போர்டு என்பவர் இதை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பழனி மலையில் பறவைகளைச் சேகரித்த பேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இன்னொன்று வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. பெயர்தான் கிளி. உண்மையில் கிளி அல்ல. நீல நிறச் சிறு பறவை. சோலையின் இருட்டில், தரையை ஒட்டித் தத்தித் தத்திப் பூச்சி பிடிக்கும். 2017-ம் ஆண்டு இந்திய ஆராய்ச்சியாளர்கள் இந்த இனத்தின் மரபணுவைச் சோதித்தார்கள். உலகில் வேறு எங்கும் இதற்கு நெருங்கிய சொந்தம் இல்லை என்று கண்டு, "சோலிகோலா" என்று புதிய பெயர் சூட்டினார்கள். "சோலை" என்ற தமிழ்ச் சொல் இப்போது உலக விஞ்ஞானத்தில் நிற்கிறது.

இந்த இரண்டு பறவைகளும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயரமான மலைகளில் மட்டுமே வாழ்கின்றன. இங்கே அழிந்தால் உலகத்திலேயே அழிந்த மாதிரிதான்.

சாப்பாடு என்பது விதைப்பு

பனைமரத்தின் நடுவில் ஆலங்கன்று முளைத்திருப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். கோவில் மதிலில் அரசங்கன்று முளைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அதை நட்டது யார்? ஒரு பறவை. பழத்தைத் தின்றது. எச்சத்தோடு விதையைப் போட்டது. அவ்வளவுதான்.

வட்டக்கானல் சோலையிலும் இதே கதைதான். செம்மீசைச் சின்னான் என்று ஒரு கொண்டைக்காரப் பறவை. காட்டுப் பழங்களைத் தின்றுவிட்டு அடுத்த புதருக்குப் பறக்கும். பழனிச் சிரிப்பானும் பழம் தின்னும், பூச்சி தின்னும், பூவில் தேனும் குடிக்கும். நீலகிரிக் காட்டுப்புறா, இலவங்க இன மரங்களின் பழங்களை முழுதாக விழுங்கும். பழம் ஓர் இடத்தில் இருக்கும். விதை வேறோர் இடத்தில் விழும். சில ஆண்டுகளில் அங்கே ஒரு மரம் நிற்கும்.

ஆகவே, சோலையில் ஒரு பறவை சாப்பிடுவது வெறும் சாப்பாடு அல்ல. அது விதைப்பு. கூலி கேட்காத விதைப்பு.

அந்தச் சோலையால் மனிதனுக்கு என்ன லாபம்? தண்ணீர்! மக்கிய இலை நிறைந்த சோலைத் தரை ஒரு பஞ்சு போன்றது. மழை பெய்யும்போது உறிஞ்சிக்கொள்ளும். மழை நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக விடும். புல்வெளியும் அப்படியே மழை நீரைப் பிடித்து வைக்கும். அதனால்தான் மலை ஓடைகளில் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது.

வட்டக்கானல் பக்கத்துச் சோலை வழியே ஓடி வருவது பாம்பாறு. அது மலையை விட்டு இறங்கிக் கும்பக்கரை அருவியாக விழுகிறது. பிறகு பெரியகுளம் பக்கத்து நிலங்களை நோக்கிப் போகிறது. மேலே ஒரு குருவி பழம் தின்கிறது. கீழே ஒரு குடியானவன் மடையைத் திறக்கிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

ஒரு சிறு துண்டுதானே!

வட்டக்கானலில் வழக்கமாகக் காணும் காட்சி இது. ஒரு குடும்பம் வந்து இறங்கும். பையன் கையில் வறுவல் பொட்டலம் இருக்கும். ஒரு பறவை அருகில் வந்து உட்காரும்.

"அம்மா, அதுக்கு ஒண்ணு போடட்டுமா?" என்று கேட்பான்.

"போடுடா கண்ணு. பாவம், பசிக்கும்" என்பாள் தாய்.

அந்தத் தாயின் மனதில் குற்றம் இல்லை. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் வழக்கம். வாசலில் அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புக்கும் உணவாகட்டும் என்றுதான். அது நல்ல வழக்கம். அதை யாரும் விட வேண்டியதில்லை.

ஆனால் வீட்டுக் காக்கை வேறு. காட்டுப் பறவை வேறு. வீட்டுக் காக்கை மனிதனோடு வாழப் பழகியது. காட்டுப் பறவைக்குக் காட்டிலேயே சமையல் நடக்கிறது. உப்பும் எண்ணெயும் போட்ட வறுவல் அதற்கு உணவு அல்ல.

அதோடு, போட்ட வறுவல் யாருக்குப் போகிறது? சோலைக்கிளி அதைத் தேடி வராது. குரங்கு வரும். அண்டங்காக்கை வரும். தினமும் சாப்பாடு கிடைத்தால் அங்கேயே தங்கும். எண்ணிக்கை பெருகும். அப்புறம் என்ன செய்யும்? பயணிகள் வராத நாளில் அவற்றுக்கும் பசிக்கும். அப்போது சோலைக்குள் போகும். சின்னப் பறவைகளின் கூட்டைத் தேடி முட்டையையும் குஞ்சையும் தின்னும்.

கருங்கழுகும் கூட்டைக் கலைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மை. ஆனால் பரந்த காட்டில் கருங்கழுகு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது காட்டின் கணக்கு. குப்பையைத் தின்று பெருகும் காக்கைக் கூட்டம் அந்தக் கணக்கில் வராது. அது மனிதன் சேர்த்த கூட்டம்.

"ஒரு சிறு துண்டுதானே, அதனால் என்ன?" என்று இன்னும் சிலர் கேட்பார்கள். ஒருவர் போட்டால் ஒரு துண்டுதான். ஆனால் விடுமுறைக் காலத்தில் கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் அல்லவா இருக்கிறார்கள்? கூட்டம் தாங்க முடியாமல்தான், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024-ம் ஆண்டு மே 7-ந் தேதி முதல் கொடைக்கானல் வரும் வாகனங்களுக்கு "இ-பாஸ்" முறை கொண்டு வரப்பட்டது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதலே தடை இருக்கிறது. வறுவல் போகும் இடத்துக்குப் பொட்டலமும் போகிறது. வறுவலைக் குரங்கு தின்றுவிடும். பொட்டலத்தை யார் தின்பது?

பறவைப் பிரியர்களும் கேட்க வேண்டும்

தவறு செய்வது விவரம் தெரியாதவர்கள் மட்டும் அல்ல. பறவைகளை விரும்புகிறவர்களிலும் சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். சோலைக்கிளியைப் படம் எடுக்க வேண்டும். அது இருட்டில் ஒளிந்திருக்கிறது. உடனே செல்போனில் அதே பறவையின் குரலைப் போடுகிறார்கள்.

பறவை என்ன நினைக்கும்? தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைக்கும். இரை தேடுவதை விட்டுவிட்டு வெளியே ஓடி வரும். இல்லாத எதிரியோடு சண்டை போடத் தயாராகும். படம் நன்றாக விழும். ஆனால் அந்தப் பறவையின் காலைச் சாப்பாடு போச்சு. குஞ்சு இருந்தால் குஞ்சின் சாப்பாடும் போச்சு. ஒரு நாளில் பத்துப் பேர் இப்படிச் செய்தால் அதன் கதி என்ன?

பறவையைப் பிடித்து வைப்பது மட்டும் துன்பம் அல்ல. அதன் சாப்பாட்டு நேரத்தைத் திருடுவதும் துன்பம்தான்.

பேர்பேங்க் பாதிரியார் காலத்தில் பறவையை அறிய வேண்டுமானால் துப்பாக்கியால் சுட்டு, தோலைப் பதப்படுத்திப் பார்ப்பார்கள். இன்று அது வேண்டாம். ஒரு தொலைநோக்கி போதும். அதுவும் இல்லையா? இரண்டு கண்ணும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால், பறவை தானாக வெளியே வந்து சாப்பிடும். ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட அதில் சேரலாம். பார்த்ததைக் குறித்து அனுப்பினால் போதும்.

பந்தி சுருங்கிவிட்டது

பறவைக்கு உண்மையில் உதவ வேண்டும் என்று நினைப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதன் பந்தியைக் காப்பாற்றுவதுதான் அது.

அந்தப் பந்தி ஏற்கெனவே சுருங்கிவிட்டது. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் சீமை வேல மரத்தைக் கொண்டு வந்து பழனி மலையில் நட்டார்கள். அதை "வாட்டில்" என்பார்கள். தைல மரமும் பைன் மரமும் நட்டார்கள். விளைவு என்ன? 1973-ம் ஆண்டு இருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, 2014-ம் ஆண்டு பார்த்தபோது இல்லை. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்ட உண்மை இது. 2018-ம் ஆண்டு வெளியிட்டார்கள்.

2013-ம் ஆண்டு இந்த மலையின் ஒரு பகுதி "கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம்" ஆனது. அயல் நாட்டு மரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்க, தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டு ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்ல காரியம். அதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். சில இடங்களில் வாட்டில் மர நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து நிற்கின்றன. அவற்றின் விதைகளை அங்கே கொண்டு வந்து போட்டவை பெரும்பாலும் பறவைகள்தான். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டினால், பறவை செய்த வேலையும் சேர்ந்து போய்விடும். புல்வெளியாக இருந்த இடத்தைப் புல்வெளியாக மீட்க வேண்டும். சோலை முளைக்கும் இடத்தில் சோலையை வளர விட வேண்டும்.

வட்டக்கானலிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை இங்கே நாற்றங்கால் வைத்துச் சோலை மரக் கன்றுகளை வளர்த்தது. பூ மட்டும் காட்டும் சீமைச் செடிகளுக்குப் பதிலாக, பழம் தரும் மலைச் செடி ஒன்றை வீட்டு ஓரத்தில் நட்டால் போதும். விடுதி நடத்துகிறவர்களும் செய்யலாம். சிரிப்பான் தோட்டத்துக்கே வந்து சாப்பிடும். பரிமாறியது போலவும் ஆகும். பழக்கம் கெடாமலும் இருக்கும்.

"இத்தனை கட்டுப்பாடு போட்டால் பயணிகள் வருவார்களா? டீக்கடைக்காரர் பிழைப்பு என்ன ஆகும்?" என்ற கேள்வி நியாயமானது. பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் ஒரு டீயோடு போய்விடுவார். பறவை பார்க்க வருகிறவர் விடியற்காலையில் இருக்க வேண்டும். அதற்கு முதல் நாளே வந்து தங்க வேண்டும். ஊரில்தான் சாப்பிடுவார். வழி காட்ட ஊர்ப் பையனைத்தான் கூப்பிடுவார். பறவை இருக்கும் வரை அந்தப் பிழைப்பும் இருக்கும்.

அடுத்த முறை அந்தத் தாயும் பையனும் வரும்போது, பொட்டலம் பைக்குள்ளேயே இருக்கட்டும். பையன் கேட்டால் தாய் இப்படிச் சொல்லலாம்: "வேண்டாம் கண்ணு. அது அதோட வீட்ல சாப்பிடுது. நாம சத்தம் போடாம பார்ப்போம்."

விருந்து நடக்கும் வீட்டுக்குள் நுழைந்து, நம் கைச்சோற்றை அங்கே இலையில் வைப்பது மரியாதை அல்ல. வட்டக்கானலில் பந்தி வைக்கிறது காடு. சாப்பிடுகிறது பறவை. அந்தப் பந்தியால் தண்ணீர் பெறுகிறது கீழ்நாடு. மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓரமாக நின்று, கண் நிறையப் பார்த்துவிட்டு, காலடித் தடத்தைத் தவிர எதையும் விடாமல் வீடு திரும்ப வேண்டும்.